ஏழாவது பிரிவில் ஒரு விரல்

அன்று ஏழாவது பிரிவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். நடுவராக நான். வண்டியின் மேல் என் மாப்பிள்ளை. எதிர்ப் பாறையில் போனில் படம் எடுத்தபடி என் மகள். கயிற்றுக்கு வெளியே சங்கச் செயலாளர். அவர் பல் டாக்டர் என்பதால் எல்லோருக்கும் ‘பல்லு’. தன் ஓட்டத்தை முடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மருந்துக்கடைக்காரர். நிழலில், ஸ்ட்ரெச்சரின் மேலேயே படுத்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர். வேறு யாரும் இல்லை.

டிரையல்ஸ் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மோட்டார் சைக்கிள் போட்டிதான், ஆனால் வேகப் போட்டி இல்லை. ஆள் நடக்கிற வேகத்தில், பாறை மேலும் ஓடைக்குள்ளும் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். வண்டிக்கு சீட் கிடையாது. கடைசி வரை நின்றபடியே ஓட்ட வேண்டும். கயிறு கட்டிய ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நடுவர் நிற்பார். கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி. விழுந்தால் ஐந்து. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கு வெற்றி. சுத்தமாகக் கடந்தவருக்கு நடுவர் மூடிய கையைத் தூக்கிக் காட்டுவார். இல்லாவிட்டால் எத்தனை புள்ளியோ அத்தனை விரல்.

நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தராசு முள்ளைப் பார்த்தே காலம் போனது. மீதி நேரத்தில் இந்த வண்டியை ஓட்டினேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் நடுவரானேன். என் மகள் காதலித்தவரும் இதே சங்கத்தில் ஓட்டுகிறவர் என்று தெரிந்தபோது நான் மறுபேச்சு பேசவில்லை. நல்ல பையன். பிரேக்கை ஒற்றை விரலால் பிடிப்பவர். அப்படிப் பிடிக்கிறவனுக்குப் பதற்றம் இருக்காது.

அவர்கள் இருப்பது மூன்றாவது மாடியில். அதனால் மாப்பிள்ளையின் வண்டி என் வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில் நின்றது. அதன் பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பு. ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஏர் ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து எண்ணெய் தடவுவேன். செயினைத் துடைப்பேன். டயரில் காற்றை இறக்கி, பாறையைக் கவ்வும் அளவுக்குத் தொளதொளவென்று வைப்பேன். கிளட்சில் விரலை வைத்தால் வெண்ணெயில் வைத்த மாதிரி இருக்க வேண்டும் என்பார் மாப்பிள்ளை. இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வருவார்கள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்கிற நாள் அது ஒன்றுதான்.

அந்தப் போட்டி வெளிநாட்டுக்குப் போகும் அணிக்கான தேர்வு. அணியில் மீதி இருந்தது ஒரே இடம். மாப்பிள்ளைக்கு வயது வரம்பின் கடைசி வருடம். அந்த இடத்துக்கு அவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும்தான் போட்டி.

எங்கள் சங்கம் சின்னது. உள்ளே நின்று பார்த்தால் எல்லோரும் யாருக்காவது மாமன் மச்சானாக இருப்பார்கள். ஆகவே ஒரு வழக்கம் உண்டு: நடுவர் உறவுக்காரர் என்றால், காலையிலேயே போட்டியாளர்களைக் கூட்டி வைத்துக் கேட்பார்கள். ஒருவர் முகம் சுளித்தாலும் நடுவரை மாற்றிவிடுவார்கள். அன்று பல்லு கேட்டார்.

“ஏழாவதுல மாமனார் நிக்கிறார். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

“எனக்கு இல்ல,” என்றார் மருந்துக்கடைக்காரர். “அவர் எங்க அப்பாவுக்கே அஞ்சு போட்டவரு.”

ஆம்புலன்ஸ் டிரைவர் விடவில்லை. “மாப்பிள்ளைக்கு விரலைக் காட்டுற மாமனார் எந்த ஊர்ல இருக்கான்? கையைக் காலையில இருந்தே மூடி வெச்சிருப்பாரு, பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். “மாமாவே நிக்கட்டும்,” என்றார். “அவர் பார்த்துச் சொன்னா நான் ஒத்துக்கிறேன்.”

அந்த வார்த்தை எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை. சபையில் வைத்து ஒரு மாப்பிள்ளை மாமனாருக்குத் தரக்கூடிய மரியாதை அதற்கு மேல் இல்லை.

ஏழாவதுதான் கடைசிப் பிரிவு. பழைய கல்குவாரியின் மூலையில் இருந்தது. ஓடையைத் தாண்டி, இடுப்பளவு பாறையில் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஏறி, மேலே ஒரு குறுகிய விளிம்பில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை வரும்போது கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுத்தமாகக் கடந்தால் அணி இடம் அவருக்கு. ஒரு புள்ளி விழுந்தால் இருவரும் சமம். சமமானால் மருந்துக்கடைக்காரருக்கு, ஏனென்றால் கால் ஊன்றாமல் கடந்த பிரிவுகள் அவருக்குத்தான் அதிகம்.

அவர் பாறை ஏறியதைப் பார்த்திருக்க வேண்டும். பூனை மதில் ஏறுவது மாதிரி. விளிம்பில் திரும்பும்போது பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. இடது கால் பக்கத்துப் பாறையைத் தொட்டது. கண் மூடித் திறப்பதற்குள் வண்டி நிமிர்ந்துவிட்டது, கடந்துவிட்டார்.

இங்கேதான் விஷயம். கால் ஃபுட்ரெஸ்டில் இருக்கும்போது பூட்ஸ் பாறையில் உரசினால் புள்ளி இல்லை. அது வண்டி உரசிய கணக்கு. கால் ஃபுட்ரெஸ்டை விட்டு எழும்பிப் பாறையில் பட்டால்தான் புள்ளி. நான் நின்ற இடத்திலிருந்து அந்த இடது கால் நேராகத் தெரிந்தது. பூட்ஸின் அடிக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு விரல் புகும் அளவு.

நான் ஒரு விரலைத் தூக்கினேன்.

ஆம்புலன்ஸ் டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷப்படக்கூட அவருக்குச் சங்கடம். மாப்பிள்ளை எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உரசுச்சு மாமா. கால் எழும்பல.”

“எழும்புச்சு மாப்பிள்ளை.”

அவர் பொய் சொல்லவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் ஓட்டுகிறவனுக்குக் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். என் மகள் எடுத்த படத்தில் வலது கால்தான் இருந்தது.

ஆட்சேபம் தெரிவிக்க அரை மணி நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் என் மகள் என்னைக் கூடாரத்தின் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

“அப்பா, பொய் சொல்லச் சொல்லல. ‘சரியாத் தெரியல’ன்னு மட்டும் சொல்லுங்க. சந்தேகம்னா ஓட்டுறவங்களுக்குச் சாதகமா விடணும்னு விதியிலயே இருக்கு.”

“எனக்குச் சரியாத் தெரிஞ்சுதேம்மா.”

“ஒரு விரல்ப்பா! நீங்க மடக்கியே வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். காலைல அத்தனை பேர் முன்னாடி அவர் என்னை நிக்கச் சொன்னது எதுக்கு?”

“அவர் உங்களை நம்பிச் சொன்னாரு.”

“அதான் நானும் சொல்றேன்.”

“அம்மா இருந்தா உங்களுக்கு எடுத்துச் சொல்லிருப்பாங்க.”

“அம்மா இருந்திருந்தா உன்னை இப்படிக் கேக்க விட்டிருக்க மாட்டா.”

இது கடுமையான வார்த்தைதான். ஆனால் உண்மை. அவள் முகம் அப்படியே இறுகிப் போனது. அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது. “விடு, வா போலாம்,” என்று அவளிடம் சொன்னார். அவர் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “வரேங்க,” என்றார்.

எப்போதும் ‘வரேன் மாமா’ என்பவர்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு போக ஒரு வேன் வந்தது. கீழ்வீட்டுக்காரரின் கார் நிறுத்தும் இடத்தில் மூலை கிடைத்திருப்பதாக மகள் போனில் சொன்னாள். வண்டியைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, ஃபுட்ரெஸ்டுக்கு கிரீஸ் வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தேன். வேன் டிரைவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஐயா, சீட்டை யாரோ கழட்டிட்டாங்களே.”

“அதுக்கு சீட்டு கிடையாது.”

“அப்ப எங்க உக்காருவாங்க?”

“உக்கார மாட்டாங்க.”

“காசைக் குடுத்து வாங்கிட்டு நிக்கிறாங்களா?” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கயிற்றை நானே கட்டினேன். கைப்பிடியில் முடிச்சுப் போட்டால் கேபிள் நசுங்கும். அது அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஷெட்டில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சுவரில் ஸ்பானர்கள் வரிசையாகத் தொங்கின. பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டைத் திறந்து வைப்பேன். ஸ்பானர்களைத் துடைப்பேன். துடைத்ததையே துடைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. மதியம் பூட்டுவேன். சமையல் ஒரு ஆளுக்குத்தானே என்று அடுப்பைப் பற்ற வைக்காத நாட்களும் உண்டு.

மகள் வெள்ளிக்கிழமைகளில் போன் செய்கிறாள்.

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். அவர் எப்படி இருக்காரு?”

“இருக்காரு. வெச்சிடவா?”

“சரிம்மா.”

கடமை தவறாத பெண். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

சில மாதம் கழித்துப் பல்லு வீட்டுக்கு வந்தார். நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போட மறந்ததைச் சொல்லாமல் முழுவதும் குடித்தார். நாகரிகமான மனிதர். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

“நீங்க கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்கல்ல?”

“போட்டிக்குப் பிறகு.”

“அதான். அன்னிக்குக் கொஞ்சம் மங்கலா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அணி போய்ட்டு வந்தாச்சு, இனிமே எதுவும் மாறப் போறதில்ல. யாருக்கும் நஷ்டமில்ல. மாப்பிள்ளை மனசு ஆறிடும், உங்க பொண்ணு ஞாயித்துக்கெழமை வந்து நிப்பா. நான் பேசிட்டுத்தான் வந்தேன்.”

“அவங்க கேட்டாங்களா?”

“கேக்கல. சொன்னா போதும்னு எனக்குத் தோணுச்சு.”

அந்த மாலை முழுவதும் அதை யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆபரேஷன் செய்தது வலது கண்ணில், பக்கத்தில் வைத்துப் படிக்க மட்டும் மங்கியதால். பத்தடி தள்ளி இருப்பது எனக்கு அப்போதும் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அது போக, எனக்கு மங்கல் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அன்று நான் காட்டிய மூடிய கைகளும் மங்கலாகிவிடும். மருந்துக்கடைக்காரர் வெளிநாட்டில் போய் ஓட்டிவிட்டு வந்ததும் பிச்சை போட்டது போலாகும். என் மாப்பிள்ளை சபையில் நிறுத்தியது குருடனை என்றும் ஆகும். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பேர் வேண்டாம். அதில் அவரும் சேர்த்தி.

பல்லுவுக்குப் போன் செய்து, “எனக்கு நல்லாத் தெரிஞ்சுது,” என்றேன்.

“அப்ப சரி,” என்றார். பிறகு, “டீக்கு சர்க்கரை வாங்கி வைங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வருடப் போட்டியில் மாப்பிள்ளை மூத்தோர் வகுப்பில் ஓட்டினார். என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் முகம் சுளிக்கும் நிலைமையை அவருக்கு உண்டாக்க விரும்பவில்லை. பார்வையாளனாகப் போனேன்.

இப்போது சங்கத்தில் ஒரு பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் மூன்றாவது பிரிவில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்த்தேனாம், அவரும் என் மகளும் வருவதைக் கண்டதும் நழுவிப் போனேனாம். அது தவறு. மூன்றாவது பிரிவின் பக்கத்தில் மரமே கிடையாது. கயிற்றை ஒட்டி வெயிலில்தான் நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.