பலகைக் கட்டிலும் பஸ் டிரைவர் கழுத்தும்

மருமகனுக்கு முதுகு வலி என்று மகள் சொன்னபோது தச்சர் நம்பவில்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்க ஒரு மணி நேரம் முனகுகிறவன் சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறுகிறான். வேலை நேரத்தில் மட்டும் வருகிற வலிக்கு அவர் அகராதியில் சோம்பேறித்தனம் என்று பெயர்.

ஆனால் மருமகன் பஸ் ஓட்டுகிறவன். வலி ஏறிக் கழுத்தும் திரும்பவில்லை என்று டிப்போ மேலாளர் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் திருப்பிக் காட்டினால் வண்டி, இல்லாவிட்டால் வேலை போச்சு.

மகள் கண்ணைக் கசக்கவும் தச்சர் மனம் இரங்கினார். இரண்டு அங்குலப் பலகையில் கட்டில் ஒன்று செய்து போட்டார்.

"பத்து நாள் அசையாமப் படுங்க மாப்ளே. முதுகு தானா நிமிரும்."

பதினோராம் நாள் மாப்பிள்ளையை எழுப்ப இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "தேய்மானம் இல்ல. முதுகெலும்பு மூட்டுல அழற்சி. உடம்பே தன் மூட்டைத் தாக்குது. படுத்தா இறுகும், நடந்தா தளரும். யாரு இவரைப் படுக்க வெச்சது?" என்றார்.

மருமகன் மாமனாரைப் பார்க்க நினைத்தான். கழுத்து வரவில்லை, நாற்காலியோடு திரும்பினான்.

அவனைச் சுவரோரம் நிற்க வைத்து, பின்தலைக்கும் சுவருக்கும் இடைவெளி அளந்தார் டாக்டரம்மா. நாலு அங்குலம். தச்சர் தன் டேப்பால் மறுபடி அளந்தார். அதேதான்.

"சுவர் நேரா இருக்கான்னு பார்த்தீங்களாம்மா?"

"சுவருக்கு நான் வைத்தியம் பாக்கலைங்க. மாத்திரை, தினம் உடற்பயிற்சி, சிகரெட்டுக்கு முழுக்கு. அடங்கலேன்னா ஊசி."

அலுங்காமல் கிடந்தால் போகாத வலி ஆடி ஓடினால் போகுமா? தச்சர் ஒப்பவில்லை. டாக்டரம்மா சொன்னது பொய் என்று நிரூபிக்கவே தினமும் விடிந்ததும் மருமகனை எழுப்பினார்.

"எந்திரிங்க மாப்ளே. குனிங்க. இது குனியறதா? கும்பிடு போடற மாதிரி இருக்கு."

"மாமா, வலிக்குது."

"எனக்கும்தான், பாக்கறதுக்கே. இன்னொரு தடவை."

பிறகு சுவரோரம் நிறுத்தி அளப்பார். மூன்றே முக்கால். மூன்று. இரண்டரை வந்த அன்று டேப்பை உதறிப் பார்த்தார். கோளாறு டேப்பில் இல்லை.

ஒரு மாதக் கெடுவின் கடைசி நாளில் மருமகன் மேலாளர் முன் இடமும் வலமும் திரும்பிக் காட்டினான். மேலாளர் சாவியைக் கொடுத்தார்.

தச்சர் முதல் நடையிலேயே ஏறி டிரைவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முச்சந்தியில் மருமகன் வலது பக்கம் நன்றாகத் திரும்பிப் பார்த்தான்.

"இடப்பக்கம் இன்னும் கொஞ்சம், மாப்ளே."

பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: "பெரியவரே, வண்டியை ஓட்டறது அவரா நீங்களா?"

"வண்டி அவரு. கழுத்து நான்."