பிரேக்கின் மேல் வைத்த கால்

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தேறியதில்லை என்று எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆடு திருடியவன், வரப்பைத் தள்ளிப் போட்டவன், குடியை விட நினைப்பவன் எல்லாரும் குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு அங்கே போய் நிற்பார்கள். சொந்தக் காரில் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். ஓட்டலாம், கழுவலாம். ஸ்பேனரைத் தொடக்கூடாது, அடியில் நுழையக்கூடாது.

மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, ஆட்டோமேட்டிக் கியர். பெங்களூரில் ஒரு டாக்டர் பன்னிரண்டு வருஷம் ஓட்டி அலுத்துப்போனதை வாங்கி வந்தேன். வந்த மாதமே ஸ்பிரிங்கை மாற்றி நாலு விரல் தாழ்த்தினேன். சத்தம் போடுகிற சைலன்சராக மாற்றினேன், அன்றிலிருந்து எதிர்வீட்டு வேதாச்சலம் சார் என்னோடு பேசுவதில்லை. தாழ்ந்த வண்டி நம் ஊர் வேகத்தடைகளில் வயிற்றைத் தேய்த்தது. அதற்கு ஒரு தகடு அடித்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கூப்பிடும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். என் கையும் அந்த ரகம்தான். என் டைல்ஸ் கடைக்கு வருகிறவர்களிடம்கூட வண்டியைப் பற்றித்தான் பேசுவேன்.

மார்ச் மாதம் ஜாக்கி சறுக்கியது. வலது கை எலும்பு முறிந்தது. புத்தூருக்குப் போய்க் கட்டுக் கட்டிக்கொண்டேன். கட்டுப் பிரித்த அன்று சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், மஞ்சு ஆட்டோக்காரனிடம் வீட்டு முகவரியைச் சொல்லவில்லை. "காணிப்பாக்கம்" என்றாள். மஞ்சு என் அத்தை மகள், என் மனைவி. மாங்கூழ் தொழிற்சாலையின் லேபில் வேலை. அதிகம் பேசமாட்டாள். குளத்தில் முங்கி எழுந்து நான் வாய்விட்டுச் சொல்லி முடிக்கும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குக் கிளம்பினோம். சந்திரகிரி தாண்டியதும் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பிறகு முதுகில் உதைத்தாற்போல் ஓர் அடி, வண்டி பாய்ந்தது. திருப்பதியில் தெரிந்த கராஜுக்கு உருட்டிக்கொண்டு போனேன். கராஜ்காரர் ரமணா கியரை இரண்டு முறை போட்டுப் பார்த்து, தன்னால் ஆகாது, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று பாதித் தெலுங்கில் கையை விரித்தார்.

"மா வல்ல காது சார். சென்னைக்குத் தீஸ்குபோண்டி. இப்படியே ஓட்டினா கியர்பாக்ஸ் பூரா பூடும்."

சென்னைவரை அது ஓடாது. லாரியில் ஏற்றலாம் என்றால், நான் ஆசையாய்த் தாழ்த்திய வயிறு சாய்தளத்தில் மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். ஊர்ந்து ஊர்ந்து சித்தூர் வந்து சேர்ந்தோம். இங்கே இரண்டு மெக்கானிக்குகள், ஆட்டோமேட்டிக் என்றதும் கும்பிடு போட்டார்கள்.

கோளாறு என்னவென்று எனக்குப் புரிய மூன்று நாளானது. புரிந்ததும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. பிப்ரவரியில் கியர் ஆயிலை மாற்றியது நான்தான். நகரியில் நான் வளர்ந்த வீட்டில் நான்கு விசைத்தறிகள். மோட்டாரை நிறுத்தாமல் எண்ணெய் விடுகிறவனுக்கு நைனாவிடம், அதாவது அப்பாவிடம், அறை விழும். அந்தப் பழக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு, துளையில் வழியும்வரை ஊற்றி மூடினேன். இந்தக் கியர்பாக்ஸுக்கு அப்படி ஊற்றக்கூடாதாம். என்ஜின் ஓடவேண்டும், ஆயில் நாற்பது டிகிரி சூடேற வேண்டும், அப்போது வழிந்தால்தான் சரியான அளவு. ஒரு லிட்டருக்கு மேல் குறைத்து ஊற்றியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வைத்தியம் தெரிகிறது, சத்தியம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. கூடத்துக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தேன். நான்காம் நாள் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது மஞ்சு வந்து நின்றாள்.

"நீ தூங்கறதும் இல்ல, துன்றதும் இல்ல. எப்ப சத்தியத்த உட்ருவியோன்னு பயமா கீது மாமா. நீ சொல்லு, நான் பண்றேன்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"நாற்பது டிகிரி பாக்கத் தெரியும். தினம் அதான பண்ணிக்கினு கீறேன்?"

சந்தோஷத்தில் அவள் பயந்ததையே மறந்துபோனேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு காலை. நான்கு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை அவளே ஏற்றினாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்துகொண்டு, இடப்பக்கம், வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் என்று உயிரை எடுத்தேன். லேபிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டர், கை பம்பு, ஆயில் கேனோடு பழைய நைட்டியில் அடியில் நுழைந்தாள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஸ்டார்ட் பண்ணு."

ஓட்டலாம் என்று சத்தியத்திலேயே இருந்ததால் சீட்டில் உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்து என்ஜினைக் கிளப்பினேன். ஆயில் எல்லா இடத்துக்கும் பரவ, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டேன். வண்டி லேசாகச் சிலிர்த்தது. எத்தனையோ தடவை பார்த்த சிலிர்ப்புத்தான்.

அப்போதுதான் உறைத்தது. சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கின்றன. என் கால் நழுவினால் சக்கரம் சுழலும். சுழன்றால் வண்டி குலுங்கும். குலுங்கினால் ஸ்டாண்டு நிற்காது. அடியில் மஞ்சு இருக்கிறாள்.

"மஞ்சு, வெளிய வா."

"பாதி ஊத்திட்டேன். நடுவுல எப்படி வர்றது? டிரைவ் போடு."

அவள் ஏதோ ஒரு குழம்பைக் கிளறுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். டிரைவ் போட்டேன். வலது காலின் மேல் இடது காலையும் வைத்து அழுத்தினேன். கண்ணாடியில் அவள் பாதம் தெரியாதா என்று திரும்பிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. திரும்பினால் கால் அசைந்துவிடும்.

"முப்பத்தஞ்சு."

கியரைப் பார்க்கிங்குக்குத் தள்ளினேன். இனி பிரேக் தேவையே இல்லை. ஆனாலும் காலை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

"முப்பத்தெட்டு."

பிள்ளையாரே, இந்த வண்டி எனக்கு வேண்டாம், அவளை மட்டும் வெளியே அனுப்பு என்று வேண்டினேன். நான் நிஜமாக வேண்டிக்கொண்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. காணிப்பாக்கத்தில் சொன்னதெல்லாம் வாயளவுதான்.

"நாற்பது. நூலாட்டம் வழியுது மாமா. மூடிடறேன்."

மூடியை முறுக்கும் சத்தம் கேட்டது. அவள் நகர்ந்து வெளியே வந்து, எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தபிறகே என்ஜினை நிறுத்தினேன். முகத்தில் ஆயில், முடியில் சிலந்திக்கூடு. பரீட்சையில் பாஸானவள் மாதிரி சிரித்தாள்.

"வா, வண்டிய எறக்கலாம். ஓட்டிப் பாரேன்."

நான் அசையவில்லை. கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

"நிறுத்திட்டியே, கால எடு."

"வரல மஞ்சு."

அவள் தரையில் குந்தி, இரண்டு கைகளாலும் என் காலைப் பெடலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. ஆயில் கையாலேயே அதைத் தேய்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

"முன்னாடில்லாம் நான் அடியில இருக்கச்சே நீ இப்படித்தான் உட்கார்ந்துகினு இருந்தியா மஞ்சு?"

"உட்கார மாட்டேன். நின்னுக்கினுதான் இருப்பேன்."

"தினமுமா?"

"தினமும் ஏன்? நீ அடியில போற அன்னிக்கி மட்டுந்தான்."

அது தினமும்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு என் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.