செக்கிங் டேபிளில் ஒரு மூளை

மயில்சாமி சோதித்து பாஸ் போட்ட துணியை இன்னொருத்தர் பார்க்க வேண்டியதில்லை என்று வேலம்பாளையத்தில் சொல்வார்கள். முப்பது வருடமாக விளக்குக்கு மேலே துணியை ஓடவிட்டு ஓட்டை பிடிக்கிறவர். மகன் குணாவின் மூளை ஸ்கேன் ஃபிலிம் வந்தபோது அதையும் செக்கிங் டேபிளில்தான் விரித்தார்.

ஆறு மாதமாக, ஆள் இல்லாத இடத்தில் குணாவுக்குக் குரல் கேட்டது. மனச்சிதைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்து, ஸ்கேனும் எழுதியிருந்தார். ரிப்போர்ட்டில் நார்மல். டேபிளிலும் பழுதில்லை.

“பீஸ் பாஸு. மாத்திரைய நிறுத்து.”

“டாக்டர ஒரு வார்த்த கேக்கலாமுங்க,” என்றாள் மனைவி சித்ராதேவி.

“பாஸான துணிக்கு எவனாச்சும் ஒட்டுப் போடுவானா?”

மாத்திரை நின்ற பதினோராம் நாள் காலை, துணி வெட்டும் கத்தரியோடு குணா அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டான். மயில்சாமி கதவருகே ஓடினார்.

“கண்ணு, அப்பா வந்திருக்கறேன். கதவத் தொற சாமி.”

“நீங்க அப்பா இல்லீங்க.” உள்ளிருந்து குணா சொன்னான். “காத்தாலருந்து அவுங்க எங்கப்பா கொரல்லதான் பேசறாங்க. தொறந்தா கொன்னுபோடுவாங்க.”

சித்ராதேவி டாக்டரை போனில் பிடித்தாள்.

“கட்டி கிட்டி இருக்கான்னு பாக்கத்தானுங்க அந்த ஸ்கேன். இந்த நோவு அதுல தெரியாது. மாத்திரைய ஆரு நிறுத்தச் சொன்னது? வண்டி அனுப்பறேன். கதவ ஒடைக்காதீங்க.”

விளக்கில் பளிச்சென்று பாஸாகி, முதல் அலசலில் சாயம் விட்டுத் திரும்பி வந்த சரக்கு எத்தனையோ மயில்சாமிக்குத் தெரியும். மகன் விஷயத்தில் மட்டும் மறக்க ஆசைப்பட்டிருந்தார்.

சோமனூர்த் தறிக்காரர்களையே பேரத்தில் மடக்கிய வாய் அது. இனி அதிலிருந்து எது வந்தாலும் மகனுக்கு அது கொல்ல வருகிறவர்களின் குரல்தான். மூடிக்கொண்டார்.

ஜன்னலுக்குப் போனார். கம்பி வழியே கையை நீட்டி, அதன் மேல் தோள் துண்டைப் போட்டார். சந்தையில் மாட்டு வியாபாரிகள் துண்டுக்கடியில் விரல் பிடித்து, பேசாமலே விலை முடிப்பார்கள். குணா சிறுவனாக இருந்தபோது மிட்டாய்க்கு அப்பனும் மகனும் அப்படித்தான் பேரம் பேசுவார்கள். ஐந்து கேட்பான்; இரண்டில் முடிப்பார்.

கத்தரியோடு குணா கிட்டே வந்தான். மயில்சாமி கையை இழுக்கவில்லை.

துண்டுக்கடியில் சில்லென்று விரல்கள் நுழைந்தன. ஒன்று, இரண்டு என்று தடவி, ஐந்தையும் பிடித்தன.

வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்டதைக் கேட்டபடியே ஒப்புக்கொண்டு மயில்சாமி இறுக்கிப் பிடித்தார். மகனின் மறு கையில் கத்தரி இன்னும் இருந்தது. வண்டி வரும் வரை அவர் பிடியையும் விடவில்லை, வாயையும் திறக்கவில்லை.