இருநூற்றுப் பன்னிரண்டு பச்சை

மனச்சாட்சிக்கு அந்த அலுவலகம் வைத்த விலை நாலு நாள் லீவு. டெஸ்டரம்மாவின் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆளில்லை. குழந்தைகளின் எடையை வைத்து மருந்தளவு சொல்லும் மென்பொருளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் மதியமே கிளம்பலாம் என்று மேனேஜர் அவளிடம் சொல்லியிருந்தார். கேட்டதும் கொடுத்துவிடத் தோன்றும் விலைதான்.

திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் தேறிவிட்டதாகப் பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி. கை சும்மா இருக்காமல் ஏழரைக் கிலோ என்று ஓர் எடையைத் தட்டினாள். எழுபத்தைந்து கிலோ ஆளுக்கான அளவு வந்து நின்றது. அதே ஏழரைக்கு ஏற்கெனவே ஒரு சோதனை எழுதப்பட்டிருந்தது. அதுவும் பச்சை.

எழுதியவனைக் கூப்பிட்டாள். எதைக் கேட்டாலும் "முடிஞ்சுது" என்பான். அதுவே அவன் பெயராகிவிட்டது.

"இதுல சரியான விடைன்னு போட்டிருக்கியே, அது எங்கேருந்துப்பா வந்துச்சு?"

"ப்ரோக்ராம ஓட விட்டேன், மேடம். வந்ததை எடுத்துப் போட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"டைம் எங்க இருந்துச்சு?"

"சரக்கையே எடைக்கல்லா வெச்சு நிறுத்தா தராசு எப்படிப்பா சாயும்?"

"தப்பு கண்டுபிடிக்கத்தானே நீங்க இருக்கீங்க?"

"நான் இருக்கேன்னு நீ கண்ணை மூடிக்கிட்டா எழுதுவ?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அந்த ஒண்ணை மட்டும் சரி பண்ணிட்டுக் கையெழுத்தைப் போட்டுக் கொடும்மா. வண்டிக்கு நேரமாகலையா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்று இப்படியென்றால் மற்ற இருநூற்றுப் பதினொன்றுக்கும் யார் ஜாமீன்? தங்கைக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு வர முடியலடி."

"தெரியும். நீ உன் ஆபீஸோடதானே கூடப் பொறந்த." தங்கை வைத்துவிட்டாள்.

மருத்துவர்கள் கொடுத்திருந்த மருந்தளவு அட்டவணையையும் ஒரு கால்குலேட்டரையும் முடிஞ்சுதுவின் முன்னால் தள்ளினாள்.

"ப்ரோக்ராமை மூடு. ஒவ்வொண்ணா கையால போடு."

"ரெண்டு நாள் ஆகும், மேடம்."

"எனக்கும்தான் ஆகும். தள்ளி உட்காரு."

சாயங்காலம் மேனேஜரின் மேசைக்குத் தாள் போனது. கையெழுத்துக்கான இடத்தில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

கையால் போட்டது அறுபது. சரி ஐம்பத்தொன்று. தப்பு ஒன்பது. பாக்கி நூற்றைம்பத்திரண்டு.