தீனக்காரர் பட்டியல்

குவைத்தில் ஒன்பது வருஷம் வார்டு நர்ஸாக இருந்தேன். அங்கே ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால் சீட்டுக் கிழியும். ஊருக்குத் திரும்பி வந்து பங்குக் கோயிலின் உடல்நலக் குழுவில் சேர்ந்த பிறகு, எண்ணைச் சரியாக எழுதினால்தான் சண்டை. "எனக்கு அம்புட்டு சுகர் ஒண்ணும் கிடையாது ஜெமி, உனக்க மிஷினுக்குத்தான் தீனம்" என்பார்கள். தீனம் என்றால் எங்கள் பக்கத்தில் நோய். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் ஊரில் எல்லாரையும் அதட்டலாம். எனக்கு அது போதும்.

எங்கள் ஊர் இனயத்தை அடுத்த கடற்கரை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாக நற்கருணை கொண்டுபோவார். அதற்கு முந்தின வியாழக்கிழமை நான் போவேன். பிரஷர், சுகர் பார்ப்பேன், புண்ணுக்குக் கட்டுப்போடுவேன், யாருக்கு முழு அப்பம் விழுங்க முடியும், யாருக்கு ஒரு துணுக்குப் போதும் என்று குறித்துப் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். அதே பட்டியல்தான் ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும், இவர்களுக்குச் சுகம் வேண்டி மன்றாடுவோம் என்று. அப்பக் குறிப்பு இல்லாத பேருக்கு இந்த மன்றாட்டு மட்டும்தான். கோபுரத்து ஒலிபெருக்கி அதைக் கடல்வரைக்கும் கொண்டுபோகும். படுத்துக் கிடப்பவர்கள் தங்கள் பேர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். ஒரு வாரம் ஒரு பேர் விட்டுப்போனால் என் மண்டை உருளும்.

எனக்கு முன்னே பட்டியலைப் பார்த்துவந்த சிஸ்டர் மாற்றலாகிப் போகும்போது நோட்டை என் கையில் தந்தார். இருபத்துமூன்று பேர். "பதினேழாவது பேரைப் பத்தி ஒண்ணும் கேக்காதே. அப்படியே எழுதிட்டுப் போ" என்றார்.

பதினேழாவது பேர் வினோஜ், நேசம்மாள் வீடு. எனக்குக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. வினோஜ் ஒக்கிப் புயலில் கடலோடு போனவன். அதே வள்ளத்தில் என் தம்பி ஜெறினும் இருந்தான்.

இரண்டு பேருடைய உடலும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழிந்துதான் எனக்குக் குவைத்தில் பத்து நாள் லீவு கிடைத்தது, ஓடிவந்தேன். அம்மை சாப்பிடாமல், குளிக்காமல், கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஜெறினுடைய நீலச் சட்டையை ஒரு பெட்டியில் வைத்து, நாற்பதாம் நாள் இறந்தோர் பூசைக்கு அவன் பேரைக் கொடுத்து, கல்லறையில் அடக்கம் செய்தோம். அம்மை வேண்டாம் என்றாள். நான்தான் செய்தேன். அன்று முதல் அம்மை எங்கள் வீட்டில் அவன் பேரைச் சொன்னதில்லை. நான் அதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நேசம்மாள் அப்படிச் செய்யவில்லை. மகன் பேரை இறந்தோர் பட்டியலில் கொடுக்கமாட்டேன் என்று பழைய பங்குத்தந்தையோடு மல்லுக்கு நின்று, தீனக்காரர் பட்டியலில் சேர்த்துவிட்டாள். ஏழு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஊரே வினோஜுக்குச் சுகம் கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், ஒரு கிழவியின் ஆறுதல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாரும் அதைத் தொடவில்லை.

ஜூன் மாத வியாழன் முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கே சுகர் முன்னூறைத் தாண்டியிருந்தது, வலது காலில் பெருவிரலடியில் புண். கட்டுப்போட்டு முடித்ததும், "இனி அவனைப் பாரு" என்றாள்.

"யாரை மாமி?"

"எதுக்குட்டி தெரியாத்த மாதிரி நடிக்கே? லிஸ்டுல பேரு இருக்குல்லா?"

உள்ளறையில் ஒரு கட்டில். விரிப்பு கழுத்துவரை போர்த்தினாற்போலக் கிடந்தது, அதன் கீழே யாரும் இல்லை. விரிப்பைத் தொட்டேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. கூரையைப் பார்த்தேன், ஒழுகல் இல்லை.

"காலு ரெண்டும் ஐசு போல கெடக்கு. இருமினா உப்புத் தண்ணிதான் வருது. எழுது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "மாமி, என்ன வெளயாட்டு இது? அவன் போயி வருஷம் ஏழாச்சு."

அவள் கோபப்படவில்லை. "ஊரு முழுக்க ஞாயித்துக்கெழம தோறும் அவனுக்கு சுகம் கேக்குது மக்கா. ஏழு வருஷமா கேட்டதையெல்லாம் கடவுளு எங்க கொண்டு வைப்பாரு? எங்கயாவது வச்சுத்தானே ஆவணும்?"

அவளைச் சமாதானப்படுத்த நோட்டில் எழுதினேன்: கால் குளிர்ச்சி, இருமல். ஒரு நர்ஸ் செய்யக்கூடாத காரியம், தெரிந்தே செய்தேன்.

ஜூலையில், கஞ்சித்தண்ணி இறங்குகிறது என்றாள். அதையும் எழுதினேன். ஆகஸ்டில் என்னை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் பிரஷர் பாக்குதே, எனக்க பிள்ளைக்கு மட்டும் என்ன கேடு?"

சரி, மிஷின் எரர் காட்டட்டும், அதைப் பார்த்தாவது கிழவிக்குத் தெளியட்டும் என்று நினைத்தேன். அவள் விரிப்பின் ஒரு மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். பட்டையை அந்த வெற்றுத் துணியைச் சுற்றி ஒட்டிப் பொத்தானை அழுத்தினேன். பட்டை காற்றேறி உப்பியது. வெறும் துணியைச் சுற்றினால் அது சரிந்து விழவேண்டும். விழவில்லை. ஒரு கையைப் பிடித்தது போல இறுகி நின்றது. பிறகு மெல்ல மெல்லக் காற்று இறங்கி எண் வந்தது. தொண்ணூற்றாறு, ஐம்பத்தெட்டு. நாடி நாற்பத்தொன்று.

என் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்றிருபத்துநாலு, எண்பது. மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை. வெளியே மீன்காரியின் கூவலும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன, பகல் பதினொரு மணி. குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் கிடந்த உடம்பில் நாடி இப்படித்தான் இறங்கும் என்பது எனக்குத் தெரியும்.

"எம்பிடு?" என்று கேட்டாள் நேசம்மாள். சொன்னேன். "போன மாசத்துக்கு இப்பம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

செப்டம்பரில் நாடி ஐம்பத்திரண்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குவைத்து வெயிலில் மண்டை காய்ந்து வந்திருக்கிறாள் என்பார்கள்.

அக்டோபரில் வினோஜைப் பார்க்க எனக்கு நேரமில்லை. நேசம்மாளின் பெருவிரல் கறுத்துவிட்டிருந்தது. நாற்றம் வாசலிலேயே வந்தது. இரண்டு நாளுக்குள் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கால் போகும், ஒரு வாரம் விட்டால் ஆள் போகும். சொன்னேன், கத்தினேன். அவள் அசையவில்லை. "நான் போனா அவனுக்கு யாருட்டி இருக்கா? இப்பத்தான் காலுல சூடு வருது."

நேரே பங்குத்தந்தையிடம் போனேன். மே மாதம்தான் பொறுப்பேற்றவர், சின்ன வயது. கதையெல்லாம் சொல்லவில்லை. பட்டியலில் ஒரு இறந்தவன் பேர் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளி சிகிச்சைக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று மட்டும் சொன்னேன். "அந்தப் பேரை எடுத்துவிடுவோம். நவம்பர் கல்லறைத் திருநாளில் இறந்தோரோடு சேர்த்து வாசித்துவிடலாம். ஆனால் வீட்டில் சொல்லாமல் செய்யவேண்டாம். நீங்களே சொல்லிவிடுங்கள் ஜெமி" என்றார். எனக்குச் சரியென்றே பட்டது. ஒரு உயிரைக் காப்பாற்ற ஒரு பேரை அடிப்பதில் என்ன பாவம்?

நேசம்மாள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கட்டிலில் அவனுக்குப் பக்கத்தில், அந்த நனைந்த விரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அடிக்கணும்ணா அடி" என்றாள். "உனக்குத்தான் அது கை வந்த காரியம்லா."

"மாமி!"

"கேளு. நேத்து அவன் வாயத் தொறந்து பேசினான். ரெண்டு பேரும் ஒரே எண்ணெய்க் கேனைப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தானுவளாம். அவனும் உனக்க தம்பியும். நாளு கணக்கு ஒண்ணும் தெரியாதாம். கோயிலு சத்தம் மட்டும் அங்க கேக்குமாம். நாப்பதாம் நாளு ஜெறினுக்க பேரைச் சொல்லி செத்தவங்களுக்க பூச கேட்டுதாம். கேட்டதும், 'அக்கா சொல்லியாச்சு'ண்ணு சொன்னானாம். சொல்லிட்டுக் கைய விட்டுட்டான்."

நான் அவளை அறைந்திருப்பேன். கை ஓங்கியும் விட்டது. நாற்பதாம் நாள் பூசைக்கு யார் பேர் கொடுத்தது என்று ஊரே அறியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மை எதைச் சொன்னாலும் கேட்காதவன் ஜெறின். நான் ஒன்று சொன்னால் மட்டும், அது பிடிக்காததாக இருந்தாலும், 'அக்கா சொல்லியாச்சு' என்று எழுந்து போவான். படிப்பை நிறுத்தச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னான், வள்ளத்துக்குப் போகச் சொன்னபோதும். வீட்டுக்குள்ளே, எங்களுக்குள்ளே சொன்ன பேச்சு.

தரையில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே சீழ் இருக்கும்போது புண்ணை மூடித் தைக்கக்கூடாது என்று முதல் வருஷப் படிப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அம்மைக்கு நான் செய்தது அதுதான். அவனுக்குச் செய்தது என்ன என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

நேசம்மாள் குனிந்து என் தலையில் கை வைத்தாள். "அழாதே மக்கா. எனக்க பிள்ளைய அடிக்காதே. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நான் வரதுவரைக்கும் நீ இவனைப் பாத்துக்க."

"பாத்துக்கிடுதேன் மாமி" என்றேன்.

அன்று மத்தியானமே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. ஆனால் உயிர் நின்றது. அவள் திரும்பி வரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் காலையில் போய் விரிப்பை மாற்றினேன், கஞ்சி வைத்தேன், பட்டையைக் கட்டினேன். கஞ்சி சிலநாள் அப்படியே இருக்கும், சிலநாள் கோப்பை காலியாக இருக்கும். பூனை குடித்திருக்கலாம். நாடி ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு, அறுபத்தாறு என்று ஏறிக்கொண்டே வந்தது. கடைசி நாள் அந்தக் கட்டிலருகே நின்று வாய்விட்டுக் கேட்டேன். "ஏலே வினோஜ், அவன் எந்தப் பக்கமா போனான்? சொல்லுலே." ஒரு சத்தமும் இல்லை. விரிப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கல்லறைத் திருநாள் கழிந்தது. கிழவிதான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டாளே, பேர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பங்குத்தந்தையிடம் சொல்லி, வினோஜின் பேரை நான் இறந்தோரில் கொடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நோட்டை எடுத்து, இருபத்துமூன்று பேரையும் எழுதி முடித்து, கீழே இருபத்துநாலாவதாக எழுதினேன்: ஜெறின், ஜெமி வீடு.

பங்குத்தந்தை ஊருக்குப் புதிது. பூசையில் மற்ற பேர்களைப் போலவே அதையும் வாசித்தார். கோயிலில் தலைகள் என் பக்கம் திரும்பின. நான் முழங்காலில் நின்றபடி யாரையும் பார்க்கவில்லை. ஏழு வருஷம் வேண்டுமென்றால் ஏழு வருஷம் கேட்போம், எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மைக்கு மூட்டுவலி, கோயிலுக்கு வருவதில்லை, வீட்டிலிருந்து ஒலிபெருக்கியில் பூசை கேட்பாள். இதை நான் யோசித்திருக்கவேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது அவள் ஜெறினுடைய அறையில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே அடுக்கியிருந்த பழைய சாமான்களையெல்லாம் ஒற்றையாளாக வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். அறையைப் பெருக்கி, கட்டிலை இழுத்துப் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்திருந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

"அவனுக்குத் தீனமா ஜெமி? இத்தனை நாளு எதுக்குட்டி எனக்கிட்ட சொல்லல்ல?"

அவளை நான் இரண்டாவது தடவையாகக் கொல்கிறேன் என்று தோன்றியது.

அதிலிருந்து ஆறு மாதம். ஊரில் எல்லாரையும் பார்த்து முடித்துக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வருவேன். அம்மை கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் அறைக்குள் போய், அவளுக்குத் தெரியாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு, விரிப்பின் மடிப்பில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவேன். பட்டை உப்பும், உடனே துணியிலிருந்து நழுவிச் சரியும். மறுபடி கட்டுவேன். மறுபடி சரியும். பேட்டரியை மாற்றுவேன். மூன்றாம் முறை மிஷின் எரர் காட்டிவிட்டு அணையும்.

"துடிப்பு இருக்கா மக்கா?" என்று கதவிலிருந்து அம்மை கேட்பாள்.

"இருக்கு அம்மை. பைய இருக்கு."