குழந்தை நலம்

அன்று அறையில் இருந்தவர்கள்: சன்னலோரம் அண்ணன், கதவை அடைத்தாற்போல் நாற்காலி போட்டுக்கொண்டு கணவர், கட்டில் நுனியில் பதினான்கு வயது மகள், மேசை முன்னால் அவள். இருபது ஆண்டுகளாகத் தட்டச்சு நிலையத்தில் ஊரார் மனுக்களை அடித்துக் கொடுப்பவள். சாட்சிகள் இருக்கும் இடத்தை முதலில் மனதில் குறித்துக்கொள்வது தொழில் பழக்கம்.

மேசையில் சிறையிலிருந்து வந்த கடிதம். ஐந்து வயதில் அவளைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து தூக்கிப்போய் நான்கு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தவன், தள்ளாமை என்று சொல்லி விடுதலை கேட்டிருந்தான். போய்த் தங்குமிடம்: அவள் முகவரி. உறவு: மகள். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கைப்பட எழுதி, இரண்டு சாட்சிகளோடு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவார்கள்.

"அடிச்சே அனுப்பிடு பாப்பா," என்றார் அண்ணன்.

"கைப்படன்னு போட்டிருக்கு மச்சான். கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிங்க," என்றார் கணவர்.

"எழுதினா என்னம்மா? நீ பேனாவைத் தொட்டு நான் பாத்ததே இல்ல. அவ்வளவு கண்றாவியாவா இருக்கும் உன் எழுத்து?"

கேட்ட மகள் மட்டும் சிரித்தாள். அண்ணன் சட்டைப்பையிலிருந்து மடிப்பு நைந்த தாளொன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். வருடத்துக்கு ஒன்றாக அந்த நான்கு ஆண்டும் அவனிடமிருந்து வீட்டுக்கு வந்தவற்றில் ஒன்று. 'குழந்தை நலம். தேட வேண்டாம்.'

"உங்கம்மாவுக்கு எழுதக் கத்துக்கொடுத்தது அவன்தான். வீட்டுக்கு வந்ததும் நோட்டுல ஒரு வரி எழுதிக் காட்டினா. பெத்தவ பாத்துட்டு வீல்னு கத்திட்டா. அச்சு அசல் அதே எழுத்து. அன்னைக்குக் கீழ வெச்ச பேனா."

மகள் தாளையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் பள்ளி நோட்டை விரித்துப் பக்கத்தில் வைத்தாள். வலப்பக்கம் சாய்ந்த அதே எழுத்து. வரி முடிவில் புள்ளியை அழுத்தும் அதே குத்து.

"எனக்குக் கத்துக்கொடுத்தது அப்பாதானே?"

கணவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவர் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும்.

அவளுக்குத்தான் விளங்கியது. மகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து, முதுகில் விரலால் எழுத்தெழுத்தாக எழுதித்தான் தூங்கவைத்தாள். வேறு விதம் அவளுக்குத் தெரியாது. பூட்டிய அறையில் அவளையும் ஒரு விரல் அப்படித்தான் தூங்கவைத்தது. இப்போதும் அது முதுகில் ஊர்ந்தது.

"இதை அவன்கிட்டயும் காட்டுவாங்க. எழுத்தைப் பாத்துப் பூரிச்சுப் போவானே பாப்பா."

"போகட்டும்ணா."

பேனாவை எடுத்தாள். முப்பது ஆண்டு இடைவெளி. கை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. 'நான் இவருடைய மகள் அல்ல. இவரை என் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.' அதோடு நிறுத்தத்தான் நினைத்தாள். கை நிற்கவில்லை. 'நான் நலம். தேட வேண்டாம்.' புள்ளி தாளைத் துளைத்தது.

"அம்மா, கடைசி வரி... கோடு போட்டு அடிச்சிடலாமா?"

அவள் இரண்டு முறை படித்தாள். "இருக்கட்டும். அவனுக்குப் புரியும்."

அண்ணனும் கணவரும் சாட்சிக் கையொப்பம் போட்டார்கள். மகள் உறைமேல் முகவரி எழுதினாள். அவள் பசை தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.

அவளும் மகளும் தபால் நிலையம் போனார்கள். பதிவுத் தபால் எழுத்தர் உறையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அனுப்புநர் முகவரி அவள் எழுதியது.

"முன்னாடியும் பின்னாடியும் முத்து முத்தா இருக்கே. யார் எழுதினது, அம்மாவா பொண்ணா?"

அவள் சில்லறையை எண்ணி நீட்டினாள். அவர் முத்திரையைக் குத்தி உறையைப் பைக்குள் போட்டார்.