புடைத்த புள்ளி

ஞாயிறன்று விழுப்புரத்தில் நடக்கவிருந்த நாணயக் கண்காட்சியில், ‘அச்சுப் பிழை’ என்னும் தலைப்பின்கீழ்த் செப்பு முலாம் பூசிய தன் வளைகுடா நாணயத்தை வைப்பதாக இருதயசெல்வி பெயர் கொடுத்திருந்தாள். அதில் எண்ணின் அருகே சிறு புள்ளியொன்று புடைத்திருந்தது.

திண்டிவனத்தில் பழைய நாணயம் விற்கும் சேட்டு அதைப் பார்த்துச் சிரித்தார்.

“முலாம் உப்பிக்கினு கீதுக்கா. உள்ள வெறுங்காத்து. அங்க போயி மானத்தக் கெடுத்துக்காதீங்க.”

குச்சியால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்; ஆனால் கொப்புளமாக இருந்தால் அமுங்கி நாணயமே கெட்டுவிடும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. அச்சிலேயே பிழையிருந்தால் அதே அச்சில் அடித்த வேறு காசிலும் இருக்கவேண்டுமே என்றெண்ணி, கோட்டக்குப்பத்திலிருந்து சேட்டின் கடைக்கு வந்திருந்த வளைகுடாச் சில்லறை டப்பாவைக் கவிழ்த்தாள்.

“அதெல்லாம் தேஞ்சதுக்கா. யாரும் தொடமாட்டாங்க.”

அவளுந்தான் தேய்ந்த காசை இதுவரை தொட்டதில்லை. இன்று ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின்கீழ் வைத்தாள். அதே ஆண்டுக் காசு ஒன்றில், அதே இடத்தில், அதே புள்ளி! உச்சி தேய்ந்து தட்டையாகியிருந்ததேயன்றிப் புள்ளி உடையவில்லை. உள்ளே காற்றிருந்தால் அத்தனை தேய்மானத்தில் எப்போதோ கிழிந்திருக்கும்.

சேட்டு உருப்பெருக்கியைப் பிடுங்கிப் பார்த்தார்.

“அடப்பாவமே, என் டப்பாலயே கெடந்துக்கினு இருந்துச்சா! வெலய ஏத்திடவாக்கா?”

“ஏத்திக்க சேட்டு. கண்காட்சியில இந்தத் தேஞ்சதத்தான் மொதல்ல வைக்கப்போறேன்.”